புதன்கிழமைகளில் நீங்கள் எடுத்த லீவு

சேர்,

இன்று பண்டாரவளைச் சந்தையில் வடை வாங்கினேன். சுற்றித் தந்த தாள் ஒரு பழைய லீவு விண்ணப்பம். கையெழுத்து எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. உங்களுடையதுதான் என்று கடைக்காரரிடம் அடித்துச் சொன்னேன். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஊவா மாகாணத்தில் உங்களைப்போல் லீவு எடுத்தவர் வேறு யார்?

பதுளையில் நம் அரசாங்கத் தெருவேலைக் கந்தோருக்கு நீங்கள் பொறுப்பதிகாரி, நான் சாரதி. ஏழாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கந்தோரே என் கையில்தான் ஓடியது. நீங்கள் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கையில் புதன்கிழமைதோறும் லீவு போட ஆரம்பித்தீர்கள். வீட்டுக்கும் போகாமல் எதிர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் நாற்காலியில், நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த கிளார்க் செல்வமணி இருப்பாள். "நான் போனாப்பிறகு பழகினால் பிந்திப்போகும். இருக்கேக்கையே பழகட்டும்" என்பீர்கள்.

அப்படி ஒரு புதன், நமுனுகுலப் பாதையில் மண் சரிந்தது. அந்தப் பக்கம் தோட்டத்து லொறியில் ஒரு பிள்ளைத்தாச்சி வலியோடு கிடக்கிறாள். மண் தள்ளும் டோசரை எடுக்க உங்கள் கையெழுத்து வேண்டும். கடைக்கு ஓடிவந்தேன்.

"சேர், வாங்க. ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நான் இண்டைக்கு லீவு. அவவிட்டக் கேளும்."

"அங்க ரெண்டு உசுரு கெடக்கு. உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?"

தேநீரைத் தள்ளிவைத்துவிட்டு, எதிரே கந்தோர் வாசலைப் பார்த்தீர்கள்.

திரும்பினால் செல்வமணி வாசலில் நிற்கிறாள். "எங்கண்ணே போனீங்க? நான் கையெழுத்துப் போட்டு அரைமணி நேரமாச்சு. டோசரை எடுங்க."

மலையில் பாதியை நான் தள்ளினேன். மிச்சம் என்னைக் கண்டதும் தானாக விலகியது. ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. என் பெயரைத்தான் வைத்தார்கள், பெண் என்பதால் கொஞ்சம் மாற்றி.

ஓய்வுக்கு ஒரு மாதமே இருக்கையில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்களுக்குப் பிறகு செல்வமணிதான் என்று மேலிடத்துக்கு நீங்கள் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. செத்தவீட்டுக்கு மறுவாரம் கட்டளை மட்டும் வந்தது: வெளியிலிருந்து ஆள் வரும்வரை பொறுப்பதிகாரி அறையைப் பூட்டிவை. சாவி என்னிடம். மறுநாள் எட்டரைக்கு அறையைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து, "உள்ள போய் உக்காரும்மா" என்றேன்.

"இன்னிக்கி புதன் இல்லையேண்ணே."

"இனிமே எல்லா நாளும் புதன்தான்."

விசாரிக்க மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "அறையைத் திறக்கச் சொன்னது யாரு?"

"எங்க சேர்."

"அவர்தான் செத்துட்டாரே?"

"ஆமாங்க. அதுக்குத்தானே ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிவச்சாரு."

என்னை மொனராகலைக்கு மாற்றித் தூக்கியடித்தார்கள். அங்கேயும் ராஜாவாகத்தான் இருந்தேன். செல்வமணியை மட்டும் அசைக்க முடியவில்லை. மண் சரிந்தால் தோட்டங்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் போன் பண்ணின. மேலிடம் கடைசியில் நாற்காலியை அவளுக்கே எழுதிக்கொடுத்தது.

'செய்த தவறுக்கு வருந்துகிறேன்' என்று மேலிடமே தட்டச்சடித்து, அறையைத் திறந்ததற்கு என்னை ஒப்பமிடச் சொல்லி அனுப்பிய தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. வருடா வருடம் எடுத்துப் பார்க்கிறேன் சேர். கீழே ஒப்பமிடும் இடம் வெறுமையாகவே கிடக்கிறது.