சாய்கோடு விழுந்துபோன ‘சிறுநீர் தடுப்பூசி’ பலகை பற்றி

அனுப்புநர்:
ராட்னி த/பெ அல்போன்ஸ்,
படிவம் நான்கு மாணவன்,
சிலிபின், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
பொறுப்பு மருத்துவ அதிகாரி அவர்கள்,
தாமான் புலாசான் ஜெயா அரசாங்கக் கிளினிக்,
ஈப்போ.

பொருள்: சத்தமில்லாமல் கழற்றப்பட்ட பலகையைத் திருத்தி, கழற்றிய காரணத்தையும் எழுதி, ஜூன் 15-க்குள் மீண்டும் மாட்டக் கோருதல்.

மதிப்புமிகு ஐயா,

வணக்கம். பலகையைக் கழற்றச் சொல்லித்தான் தங்களுக்கு மனு வந்திருக்கும். கழற்றியதை மாட்டச் சொல்லி வருவது இதுதான் முதல் தடவையாக இருக்கும். விளையாட்டாக எழுதவில்லை. தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

1. தங்கள் கிளினிக் நடைபாதையில் சிறுநீர்ப் பரிசோதனை அறைக்கும் கோவிட் தடுப்பூசி அறைக்கும் சேர்த்து ஒரே பலகை தொங்கியது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்கோடு இருந்தது. தமிழ் வரியில் மட்டும் இல்லை. பலகை அடித்தவர் அதை ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டாரோ என்னவோ. மிஞ்சியது "சிறுநீர் தடுப்பூசி" என்ற வரியும் ஒரு சிவப்பு அம்புக்குறியும்.

2. என் அப்பாவின் அண்ணன் திரு. ஸ்டானிஸ்லாஸ், வயது அறுபத்தெட்டு. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். தோட்டம் செம்பனையாக மாறியதும் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டார். புரோஸ்டேட் சுரப்பி வீங்கியதால் ஒன்றுக்குப் போவதே அவருக்கு ஒரு தனி வேலை. தங்கள் கிளினிக் மாத்திரையில்தான் அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் பூஸ்டர் போட வந்தவர், அந்தப் பலகையைப் படித்ததும் அப்படியே திரும்பிவிட்டார். "எனக்கு ஏற்கெனவே சொட்டுச் சொட்டாத்தான் போகுது. அதையும் தடுக்க ஊசி வெச்சிருக்கானுங்க லா" என்று கெர்ட்ரூட் பெரியம்மாவிடம் சொன்னார். முதல் இரண்டு ஊசியிலும் ஒன்றும் ஆகவில்லையே என்று பெரியம்மா கேட்டதற்கு, "அது மண்டபத்துல போட்டது. அங்க இந்தப் பலகை இல்ல" என்றார்.

3. ஐயா, இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வெட்டு என்று நான் கிளப்பிவிட்டதை நம்பி, வாளி, அண்டா, சோற்றுப் பானை வரைக்கும் பெரியப்பா தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிளில் நான் செருகிய போலி சம்மனைக் கட்டப் போலீஸ் நிலையம் வரை போயிருக்கிறார். இரண்டு தடவையும் என்னைவிட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் போய், "பெரியப்பா, அது ஒரு சொல் இல்ல, ரெண்டு ரூம். ஒரே சொல்லா இருந்தா நடுவுல 'த்' வரணும். ஒற்று மிகல, அதனால ஒண்ணுக்கு நிக்காது" என்றேன். இருமல் வரும் வரை சிரித்தார். "டேய், இத எப்படா யோசிச்ச?" என்று முதுகில் தட்டினார். நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவர் காதில் விழுந்தது கடைசியில் இருந்த வேடிக்கை மட்டும்தான். நேராகச் சொல்லியிருக்கலாம். எனக்கு நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

4. பிறகு நானே தங்கள் முகப்பிடத்தில் சொன்னேன். தாதி மிஸி தினேஸ்வரி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளே பலகை போய்விட்டது. அந்த வேகத்துக்கு நன்றி. ஆனால் அந்த இடத்தில் வேறெதுவும் மாட்டவில்லை. ஏன் எடுத்தோம் என்று ஒரு வரியும் இல்லை. ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. கோப்பிக்கடையில் பெரியப்பாவின் கூட்டாளி திரு. மாயாண்டி, "உண்மை வெளிய தெரிஞ்சதும் கழட்டிட்டானுங்க பாத்தியா" என்றார். பலகை தொங்கியவரை பெரியப்பாவுக்குப் பாதி சந்தேகம்தான் இருந்தது. அது போனதும் முழு நம்பிக்கை வந்துவிட்டது. என் புகார் இதுவே: தப்பை எடுத்தீர்கள், தப்பு என்று சொல்லவில்லை.

5. அதன் பின் பெரியப்பா கிளினிக் பக்கமே வரவில்லை. மாத்திரை வாங்கப் போனால் பிடித்துவைத்துக் குத்திவிடுவார்கள் என்று பயம். மாத்திரை தீர்ந்ததைப் பெரியம்மாவிடம் மறைத்துவிட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து கழிப்பறைக்குப் போனார். ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு கல்லாகி, சட்டையெல்லாம் வேர்வையாகி, மருத்துவமனைக்குத் தூக்கிப்போய்க் குழாய் போட்டார்கள். சாய்கோடு ஒன்று விழுந்ததில் ஆளே சாய்ந்துவிட்டார். இப்போது கைலிக்குள் சிறுநீர்ப் பையை மறைத்துக்கொண்டு நடக்கிறார். யாராவது பார்க்க வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வார்டில் அவரைச் சிரிக்கவைக்க நான் ஒன்று சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

6. அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம். அடிக்கடி ஒன்றுக்கு வருவதாக மிகச் சிலர் சொன்னதுண்டு. ஆனால் இந்த ஊசி சிறுநீரை அடைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. கோவிட் நோய்தான் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. பெரியப்பாவுக்கு அடைத்தது சுரப்பி வீக்கத்தாலும் மாத்திரையை நிறுத்தியதாலும்தான். அவர்தான் பூஸ்டரே போடவில்லையே என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா, "போடாமலேயே இப்படின்னா, போட்டிருந்தா என்னா ஆயிருக்கும்?" என்றார். டாக்டர் மறுபரிசோதனைத் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

7. ஜூன் 15-ஆம் தேதி தங்கள் கிளினிக்கில் அவருக்கு மறுபரிசோதனை. மாத்திரையும் அங்கேதான் வாங்க வேண்டும். மறுபடி மாத்திரை நின்றால் குழாயை எடுத்தாலும் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். பெரியப்பா வரமாட்டேன் என்கிறார்.

ஆகவே, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பலகை மாட்டி, அதன் கீழே தங்கள் முத்திரையுடன், "முன்பிருந்த பலகையில் இரண்டு அறைகளின் பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. தடுப்பூசி சிறுநீரைத் தடுக்காது" என்று தமிழில் எழுதிவைக்க வேண்டுகிறேன். ஒற்றுப்பிழை வேண்டுமானால் இருக்கட்டும். அன்று மிஸி தினேஸ்வரி அவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் இன்னும் நல்லது. என் பெயரைச் சொல்ல வேண்டாம், சொன்னால் நம்பமாட்டார்.

பலகை திரும்ப வரும் என்று நேற்று அவரிடம் சொன்னேன். "இதுவும் உன் புளுகுதானே" என்றார். பெரியம்மா கெஞ்சியபின், "சரி, வாரேன். பலகை இருந்தா உள்ள போறேன். இல்லேன்னா வாசலோட திரும்பிடுவேன்" என்று ஒத்துக்கொண்டார். வாசல் வரை நான் கூட்டிவந்துவிடுவேன் ஐயா. அங்கிருந்து உள்ளே வருவது தங்கள் கையில் இருக்கிறது. இந்த ஒரு தடவை நான் சொன்னது புளுகாகிப் போகாமல் பார்த்துக்கொள்ளுமாறு மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

பதில் கடிதத்தை அல்ல, பலகையை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
ராட்னி த/பெ அல்போன்ஸ்

நாள்: 7 ஜூன் 2022
இடம்: சிலிபின், ஈப்போ