இரண்டாம் பாகத்துக்குச் செய்தி இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம், அந்த வலியும் கடைக்குப் போகச் சொன்னால்தான் வருகிறது, சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ நாலு கேள்வி கேட்டால் ஐந்தாவதுக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன், என் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா. "அந்த ரெண்டு பேருக்கும் அப்புறம் என்னம்மா ஆச்சு, ரெண்டாம் பாகம் எழுதணும், பதிப்பகத்துல நெருக்குறாங்க" என்று போன வாரம் கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

தப்பில் பாதி என்னுடையது. பஸ் டிப்போவில் தொலைந்த பொருள் கவுண்ட்டரில் உட்கார்ந்துகொண்டு, சனிக்கிழமை பார்த்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லிச் சிரித்தவள் நான்தானே. மெக்கானிக்கின் மகள், பதினாறு வயது, லீவு நாளில் பொருள்களுக்குச் சீட்டு எழுதிக் கட்ட வருகிறவள், எல்லோரும் ஸ்கேல் என்று கூப்பிடுகிற அந்தப் பெண், பென்சிலைக்கூட உயர வரிசையில் அடுக்குவாள். அவள் வகுப்பிலேயே படிக்கிற, பந்து விளையாடப் போகிற அந்தப் பையனோ, தலை கழுத்தோடு ஒட்டியிருப்பதால்தான் அதை இன்னும் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கவில்லை. அடையாளம் சொன்னால்தான் பொருளைக் கண்ணில் காட்டுவோம் என்பது எங்கள் கவுண்ட்டர் சட்டம். அவனுக்குத் தன் பை என்ன நிறம் என்றே தெரியாது. "நீலம். இல்ல, பச்சை. உள்ள ஒரு சாக்ஸ் இருக்கும், நாறும்" என்பான். அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு "எந்தக் கால் சாக்ஸ்?" என்று கேட்பாள். ஒரு நாள் அவன் போன பிறகு ரெஜிஸ்டரில் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். உன் நாவலில் நீ டிப்போவை ரயில் நிலையமாக்கினாய், மெக்கானிக்கை ஸ்டேஷன் மாஸ்டராக்கினாய், சாக்ஸை மாற்றவில்லை, ஸ்கேல் என்ற பெயரையும் மாற்றவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் குடை அடுக்குக்குப் பின்னால் முத்தம் வேறு. நானும் பெருமை பிடிபடாமல் பத்துப் பிரதி வாங்கி, ஒன்றை அவர்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், முதல் பக்கத்தில் 'என் மகள் எழுதியது' என்று கையெழுத்தும் போட்டு. படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். எதிரும் புதிருமான இரண்டு பேரை எவ்வளவு அழகாகச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று தோன்றியதே தவிர, இது ஊரான் வீட்டுப் பிள்ளை என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. அவள் மேஜையில் யாரோ குடை வரைந்து வைத்தார்களாம். அவள் அப்பா கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கவுண்ட்டருக்கு வந்து, "அக்கா, அந்த அடுக்குக்குப் பின்னால நிஜமாவே ஏதாவது..." என்று பாதியில் நிறுத்தினார். இல்லவே இல்லை என்றேன். அவர் நம்பினார், ஆனாலும் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். பையனோ இரண்டு மாதமாக ஒரு பொருளையும் தொலைக்கவில்லை. பையை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து வருகிறான் என்று கண்டக்டர் சொன்னார்.

பிறகு ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்துப் போனேன், திட்டவில்லை. "அவனப் பிடிக்குமான்னு எனக்கே இன்னும் தெரியல ஆன்ட்டி. யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள புத்தகத்துல முடிவு வந்துருச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் எதிரில் அழக்கூடாது என்று தண்ணீர் கேட்டேன். எதையும் நிதானமாக, ஒழுங்காகச் செய்கிற பெண், இதையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள், நாம் இரண்டு பேரும் நடுவில் புகுந்து கலைத்துவிட்டோம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், பார்த்துச் சொன்னது நான், எழுதியது என் மகள், முத்தம் முழுப் பொய் என்று அவள் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தையும் திருப்பி வாங்கி வந்தேன். இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றார் நூலகர். இருக்கட்டும் என்றேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன சனிக்கிழமை அவள் திரும்ப வேலைக்கு வந்தாள். மத்தியானம் அவனும் வந்தான். டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே வந்தேன், ஆனால் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன், காது என்ன செய்யும். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அவள் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். இரண்டும் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்றார், அவரிடமும் சொல்லவில்லை. என் ஆயுசில் வாயை அடக்கியது இதுதான் முதல் தடவை, உனக்கும் சொல்லப்போவதில்லை. இரண்டாம் பாகத்துக்கு வேறு ஆளைப் பார். வேண்டுமானால் எங்களை எழுது, ஓயாமல் பேசுகிறவளும் வாயே திறக்காதவரும் முப்பத்தோரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாதே. நீயும் மாப்பிள்ளையும் சண்டை போட்டுக்கொண்டாவது நீண்ட காலம் சேர்ந்து நன்றாக இருங்கள், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு உன் கையால் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது, என் முகவரிக்கு அனுப்பு, ஒட்டியபடியே அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அதில் அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் பாதியும் பிரியம் முழுதுமாக,
அம்மா