இன்னும் ஒரு வெயில்

சகலை,

இந்த மடலை நான் கோவாவில், நாம் தங்கிய அதே ஹோட்டலின் பால்கனியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு கையில் பேனா. மறு கையில், காக்கை விரட்டுவதற்காக, என் மகளின் செருப்பு. எதிரே அரபிக் கடல் முழுசாக விரிந்து கிடக்கிறது. ஆனாலும் கடற்காற்று ஒரு சொட்டு என் மூக்குக்கு வந்து சேரவில்லை. செம்மண்ணும், உலகம் வேர்க்கடலை என்கிற பச்சை மல்லாட்டையும் சேர்ந்த உமது வாசனைதான் வருகிறது. செத்த பிறகும் ஒரு மனுஷனை நிம்மதியாக விடுமுறை எடுக்க விடமாட்டீரா ஐயா?

உலகத்தில் எத்தனையோ பேர் பெண் கட்டுகிறார்கள். நான் அக்காளைக் கட்டினேன், நீர் தங்கையைக் கட்டினீர். அந்த ஒரு குற்றத்துக்கு எனக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை நீர்.

முந்தா வருஷம் இதே ஐப்பசியில்தானே ஆரம்பித்தது இந்தக் கூத்து. எல்லோரும் கோவா போகலாம் என்று என் மகள் கிளப்பிவிட்டாள். விழுப்புரத்தில் நான் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். கிளியனூர்ப் பக்கம் நிலத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த உம்மை அசைக்கத்தான் முடியவில்லை. இமயமலையை நகர்த்தித் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லியிருந்தால் அதைக்கூட முடித்திருப்பேன்.

"கடல் பாக்கணும்னா மரக்காணம் போய்யா. அங்க இல்லாத தண்ணியா கோவாவுல இருக்குது?"

"அது நம்மூரு கடல்யா. இது டூரு."

"அல்லாம் உப்புத்தண்ணிதான். மல்லாட்டைய புடுங்கிப் போட்டுக்கினு மழையில பேஜாரா கெடக்கறேன், நீ வேற."

என் மகள் போனைப் பிடுங்கினாள். "சித்தப்பா, மழையெல்லாம் நம்ம பக்கம்தான். அங்க மழை விட்டு வெயில் கொளுத்துதாம்."

"வெயிலா?" என்றீர். "சரி, டிக்கெட் போடும்மா."

சகலைக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறந்தது என்ன என்பது விழுப்புரம் ஜங்ஷனில் தெரிந்தது. உமது தோளில் ஒரு யானைக்குட்டி உட்கார்ந்திருந்தது. கிட்ட வந்த பிறகுதான் அது சாக்கு மூட்டை என்று புரிந்தது.

"இன்னாய்யா இது?"

"வெதை மல்லாட்டை. கார்த்திகையில போடணும். இங்க போட்டா பூஞ்சணம் பூத்துப்பூடும். அதான், அங்க வெயில் அடிக்குதாமே."

கடையில் விதை வாங்கினால் உமக்குக் கௌரவக் குறைச்சல். உம் அப்பா காலத்திலிருந்து கைவிடாமல் வரும் காய். அது கெட்டால் அந்த வித்தே அற்றுப் போகும் என்று ரயில் முழுக்கப் பிரசங்கம். உலக மக்கள் கோவாவுக்குக் கூலிங்கிளாசோடு போனார்கள். நாம் களத்தையே தூக்கிக்கொண்டு போனோம். உமது மூட்டை ஏறியதும் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்ததற்கு ஜங்ஷனே சாட்சி.

ஹோட்டலில் பால் மாதிரி வெள்ளைத் துண்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் அதை எதற்கு வைத்தார்களோ, நீர் நொடியில் பால்கனியில் விரித்து மல்லாட்டையைப் பரப்பிவிட்டீர். அதன் பிறகு அந்தத் துண்டுகள் செத்தாலும் வெள்ளைக்குத் திரும்பவில்லை. அதட்ட வந்த செக்யூரிட்டிக்காரருக்கு வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் கொடுத்தீர். உமக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மறுநாள் காலையில் பார்த்தால், அந்த மனுஷன் கீழேயிருந்து விசிலடித்து உமது காக்கையை விரட்டிக்கொண்டிருக்கிறார்!

கோட்டை பார்க்கப் போகலாம் என்றால், "காக்கா வரும், நீங்க போய்க்கினு இருங்க." படகில் போகலாம் என்றால், "மேகம் கட்டுது." தினமும் ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்குவீர். ஏதோ மந்திராலோசனை மாதிரி கண்ணை மூடுவீர். பிறகு தீர்ப்பு: "இன்னும் ஒரு வெயில், சகலை."

ஊர் திரும்ப வேண்டிய நாளிலும் அதே தீர்ப்பு. "யோவ், டிக்கெட் போட்டாச்சுய்யா!" என்று நான் கத்திய கத்தலில் கடல் கொஞ்சம் பின்வாங்கியது. நீர் பின்வாங்கவில்லை. டிக்கெட்டை மாற்ற வைத்தீர்.

அன்று சாயங்காலம் என்னைக் காக்கைக்குக் காவல் வைத்துவிட்டுக் கீழே போனீர். மேலேயிருந்து பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீர் அலையில் நிற்கிறீர். உம் வீட்டுக்காரி உமது சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் வீல் என்று கத்திச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு இந்தப் பால்கனி வரை கேட்டது. நான் இங்கே செருப்போடு நின்று வெந்துகொண்டிருந்தேன்.

போன மாசியில் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டீர். டீ குடிக்கப் போவதற்குக்கூட எனக்குப் போன் போடுகிற மனுஷன்.

அதற்குப் பிறகு என் கொழுந்தியாள் வீட்டையும் நிலத்தையும் விட்டு எங்கேயும் போகவில்லை. விழுப்புரத்துக்கு வந்து அக்காளோடு நாலு நாள் இரு என்றாலும் தலையாட்டுவாள், வரமாட்டாள். நீர் எடுத்து வைத்திருந்த விதையை ஆடியில் தானே போட்டாள், ஐப்பசியில் தானே பிடுங்கினாள். என் மகள் மறுபடி கோவா என்றதும் நான் போனில் கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு என்ன, புதுசா?

"வெதை ஈரமா கெடக்குது. அத்த வுட்டுட்டு நான் எங்க மாமா வர்றது?"

நான் உயிரோடு இருக்கும்வரை இனி மல்லாட்டையோடு ரயிலேறுவதில்லை என்று விழுப்புரம் ஜங்ஷனில் சபதம் செய்தவன். அந்த வாயாலேயே சொன்னேன்: "அத்தயும் எடுத்துக்கினு வாம்மா. அங்க வெயில் அடிக்குது."

மூட்டையை யார் தூக்கினார்கள் என்று கேட்கிறீரா? இந்தத் தோளைப் பார்க்க உமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இங்கே வந்தும் அவள் இரண்டே கேள்விதான் கேட்கிறாள்: காய்ந்ததா, எப்போது கிளம்பலாம். காய் காய்ந்த மறுநிமிஷம் ஊருக்கு ஓடிவிடுவாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அக்காளும் தங்கையும் கீழே இறங்கிப் போயிருக்கிறார்கள்.

சற்று முன்பு ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். கலகல என்றது. இன்னொன்று. அதுவும் கலகல. சுத்தமாகக் காய்ந்துவிட்டது. நாளைக்குத்தான் எங்களுக்கு ரயில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றும் இதே காய், இதே வெயில், இதே பால்கனி. நீர் டிக்கெட்டை மாற்றச் சொன்ன அன்று உமது காயும் இப்படித்தானே கலகலத்திருக்கும்? அட கேடியே! மரக்காணத்தில் இல்லாத தண்ணியா என்று கேட்ட வாய்! அலையை விட்டு வர மனசில்லாமல் பழியைத் தூக்கி மல்லாட்டை மேல் போட்டுவிட்டு, என்னைக் காக்கைக்குக் காவல் வைத்தீரா?

இரும், உம் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். கணுக்கால் தண்ணீரில் நின்று, கையை வாயில் குவித்துக்கொண்டு.

"மாமா! காஞ்சிச்சா? காஞ்சிருந்தா ஜல்தியா கெளம்பிடலாம்!"

துண்டுகளை நிழலுக்கு இழுத்துவிட்டேன். இதற்கு மேல் காய்ந்தால் முளைப்பு கெடும் என்று நீர்தான் சொல்வீர். பிறகு எட்டிப் பார்த்து, மூன்று மாவட்டத்துக்குக் கேட்கிற குரலில் கத்தினேன்.

"இன்னும் ஒரு வெயில்மா!"

அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து என்னையே பார்த்தாள். பிறகு புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அலைக்குள் ஓரடி எடுத்து வைத்தாள்.

டிக்கெட்டை மாற்ற வேண்டும். அதற்குள் காக்கை வந்துவிட்டது. செருப்பை எங்கே வைத்தேன்?