உன் பைக் குழாயில் நான் மாட்டிய ஸ்பாஞ்ச்

என் லிங்கத்துக்கு,

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், முதலில் செய்த காரியத்தை உன்னிடம் சொல்கிறேன். அடுக்களை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த ஸ்பாஞ்சை எடுத்து, வாயில் வைத்து, மூச்சை உள்ளே இழுத்தேன். வரவில்லை. கன்னம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இழுத்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவு காற்று வந்தது, அவ்வளவுதான்.

அது உன் பைக்கில் இருந்த ஸ்பாஞ்ச். நேற்று சாயங்காலம் அதைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, போன வருஷம் பிழிந்த மாதிரியே பிழிந்து, குளிரில் வைத்திருந்தேன். விடியும்போது சோப்புக்கட்டி போல வெள்ளையாக இறுகியிருந்தது. கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கே இளகி, ஒன்றும் தெரியாதது மாதிரி ஆகிவிட்டது.

இன்று உனக்குத் தலைத் திவசம். அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பொறுத்துக்கொள்.

உன் பைக் மூன்று கை மாறி நம் வீட்டுக்கு வந்தது. உன்னைவிட ஐந்தாறு வயதுதான் இளையது. சீட்டுக்குக் கீழே, காற்றை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டி வெடித்துப்போய், சாரல் அடிக்கிற நாட்களில் தண்ணீர் குடித்துக் குடித்து வண்டி நின்றது. செங்கோட்டையில் தேடினாய், தென்காசியில் தேடினாய், திருநெல்வேலி வரைக்கும் போய் வந்தாய். அந்தப் பழைய வண்டிக்குப் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. ஒருநாள், குளியலறை வேலையில் மிச்சமான பிவிசி குழாயோடு என் முன்னால் வந்து நின்றாய்.

“எக்கா, இதுல ஊதிப் பாரு.”

“எதுக்குலே?”

“நீ ஊது. காத்து தடையில்லாமப் போகுதா? இதான் இனி நம்ம வண்டிக்கு மூக்கு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பீர் வந்தான். கடையநல்லூரில் பட்டறை வைத்திருந்த உன் கூட்டாளி. பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் வண்டி வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவன். குழாயைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

“ஏல, இது பைக்கா, மோட்டார் பம்பா? தண்ணி வருமா இதுல?”

“வந்தா நீ குளிச்சிட்டுப் போ.”

மூன்று பேரும் புறவாசலில் உட்கார்ந்து செய்தோம். குழாயின் ஒரு முனையை கேஸ் அடுப்பில் காட்டி இளக்கி, கார்பரேட்டர் ரப்பருக்குள் இறுக்கமாகப் போகிற மாதிரி நான்தான் பிடித்துத் திருகினேன். மறுமுனையை ஒரு முழங்கை வைத்துப் பின்பக்கமாகத் திருப்பினாய், மழை நேராக உள்ளே போகாமல் இருக்க. வாயில் கம்பி வலை வேண்டும் என்றான் பீர். நீ உள்ளே போய் அம்மாவின் தேயிலை வடிகட்டியைக் கொண்டுவந்து கைப்பிடியை அறுத்தாய். அதன்மேல் மீன் தொட்டிக்கு வைக்கிற கறுப்பு ஸ்பாஞ்சைச் சுற்றி, கிளாம்ப் போட்டு முறுக்கினோம். அம்மா அடுக்களையிலிருந்து, “ஏட்டி செண்பகம், எம் வடிகட்டி எங்கன கெடக்கு?” என்று கேட்டபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றியது மட்டும் பீர். “காத்து கூடினா பெட்ரோலும் கூடணும், இல்லன்னா இன்ஜின் காஞ்சு போவும்” என்றான். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: “எக்கா, மாசம் ஒருக்கா ஸ்பாஞ்ச சோப்புத் தண்ணில அலசி, காயவச்சு, இன்ஜின் ஆயில் ரெண்டு சொட்டு தடவி, நல்லாப் பிழிஞ்சிரணும். அந்த ஆயில்தான் தூசியப் புடிக்கும். இவன் செய்ய மாட்டான். நீங்கதான் பாத்துக்கிடணும்.”

அது என் வேலை. யாரும் என்மேல் திணிக்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு வண்டியின் சத்தமே மாறிப்போயிற்று. நீ ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் குழாய் காற்றை உறிஞ்சும்போது அடித்தொண்டையில் ஒரு ஊங்காரம் எழும். நீ தெருமுனையில் திரும்பும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். இப்போதும் சில சாயங்காலங்களில் தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் போய் அணைக்கிறேன். புது வடிகட்டி ஒன்று வாங்கி வந்தேன். அதை அவள் தொடுவதில்லை. தேயிலையைத் துணியில் வடிகட்டுகிறாள்.

ஐயப்ப சீசன் உனக்கு ஓய்வில்லாத காலம். செங்கோட்டையில் சிப்ஸ் போடுகிற அண்ணாச்சியிடம் மாலையில் மூட்டைகளை எடுத்து வந்து வீட்டில் வைப்பாய். விடியுமுன் பைக்கில் கட்டி, ஐந்தருவிக் கடைகளுக்குக் கொண்டுபோவாய். மாலை போட்டவர்கள் குளித்துவிட்டு வரும்போது கடையில் சரக்கு இருக்க வேண்டும். வீடெல்லாம் நேந்திரங்காயும் தேங்காய் எண்ணெயும் மணக்கும். அந்த அண்ணாச்சி கொடுத்த செக்குத் தேங்காய் எண்ணெய் எப்போதும் ஒரு பாட்டில் நம் அடுக்களையில் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை ஸ்பாஞ்சை அலசிக் காயவைத்துவிட்டு, இன்ஜின் ஆயில் டப்பாவைக் கவிழ்த்தேன். காலி. கடைக்குப் போயிருக்கலாம். நூறு அடி தூரம்கூட இல்லை. ஆனால் போன தடவை அந்த ஆயிலின் வாடை இரண்டு நாள் கையைவிட்டுப் போகவில்லை. எண்ணெய்தானே என்று நினைத்து, செக்கு எண்ணெயை ஊற்றினேன். இரண்டு சொட்டு இல்லை லிங்கம். உனக்குச் செய்கிறேன் என்பதால் தாராளமாகவே ஊற்றினேன். பிழிந்தேன், போதுமான அளவு பிழியவில்லை. மாட்டிவிட்டு, “ஒம் மூக்குக்குச் சளி எடுத்தாச்சு” என்றேன். நீ முகர்ந்து பார்த்து, “என்னக்கா, வண்டி அவியல் மாதிரி மணக்கு?” என்று சிரித்தாய். அதற்குமேல் கேட்கவில்லை. அக்கா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாயா?

நான் வேதியியல் படித்தவள். பதினெட்டு வருஷமாகப் பள்ளி ஆய்வகத்தில் பொருள்களின் உருகுநிலை பார்க்கத் தெர்மாமீட்டர் எடுத்து வைக்கிறவள். அதுகூட வேண்டாம். மார்கழிக் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் பாட்டிலை வெந்நீரில் இறக்காத வீடு இந்த ஊரில் உண்டா? தெரிந்த ஒன்று, தேவைப்பட்ட அந்த ஒரு நிமிஷத்தில் ஏன் எனக்கு வரவில்லை?

மறுநாள் விடியற்காலம் நீ வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தாய். நான் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னக்கா, இன்னைக்கு இப்பிடி இழுக்கு?”

“குளிருக்குத்தான்லே. சோக்கைப் போட்டு உதை.”

உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான். காற்றுக்குத் திணறிய வண்டியில், காற்றை இன்னும் அடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மெதுவாகப் போகும்வரை அந்த ஊசிமுனைக் காற்று போதும். இலத்தூர் விலக்கு வரை உன்னைக் கொண்டுபோயிற்று. பாரத்தோடு மெயின் ரோட்டைக் கடக்க நீ முறுக்கியபோது அது போதவில்லை. வண்டி நடு ரோட்டில் நின்றது. சபரிமலைக்குப் போகிற வேன் ஒன்று வந்து மோதியது. ஓட்டியவன் சின்ன வயதுக்காரன், மாலை போட்டிருந்தான். காவல் நிலையத்தில் என் முகத்தைப் பார்க்காமலே அழுதான். “கடந்து போயிருவாருன்னுதான் நினைச்சேன்மா. நடுவுல அப்படியே நின்னுட்டாரு.” நான் போய்ச் சேர்ந்தபோது உன்னை எடுத்துப்போயிருந்தார்கள். ரோடெல்லாம் சிப்ஸ். காக்கைகள். அந்த எண்ணெய் மணம்.

வண்டியைச் சோதித்தவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் பார்த்தது உச்சி வெயிலில். அப்போது ஸ்பாஞ்ச் ஈரமாக, மிருதுவாக இருந்திருக்கும். குழாயைப் பார்த்து மட்டும், “இதெல்லாம் யாரு செஞ்சா?” என்று கேட்டார்கள். பெரியப்பா மகன் பீரின் பெயரைச் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எனக்குத் தெரிந்தது பதினாறாம் நாள். சொந்தக்காரர்கள் தலையில் வைக்க எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவரச் சொன்னார்கள். கிண்ணத்தில் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. தட்டினேன். உள்ளே வெள்ளையாக, அசையாமல் நின்றது. “உறைஞ்சு போச்சுட்டி, அடுப்புல காட்டு” என்றாள் சித்தி. நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பியை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

வண்டி நம் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் முதலில் ஸ்பாஞ்சைக் கழற்றி என் பீரோவில் வைத்தேன். ஏன் எறியவில்லை என்று எனக்கே தெரியவில்லை. இருட்டு இருந்தது, பனி இருந்தது, வேன் வேகமாக வந்தது. நான் எண்ணெய் தடவாவிட்டாலும் இது நடந்திருக்குமோ? அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு வருஷம் குடியிருந்தேன். இன்று காலை மூச்சை இழுத்துப் பார்த்தபிறகு அதற்குள் எனக்கு இடமில்லை.

பீருக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். அம்மா அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். “எம் புள்ள வண்டிய அறுத்துக் கொழாய மாட்டிக் கொன்னுட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாரே?” அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அம்மா அதைக் கோயிலில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள். வார்த்தை கடையநல்லூர் வரை போய்ச் சேர்ந்தது.

போன வாரம் நான் பள்ளிக்குப் புறப்படும்போது வந்தான். வாசல்படி ஏறவில்லை. வண்டியிலிருந்து கழற்றிய அந்த வெடித்த பெட்டியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

“பட்டறைய காலி பண்ணுதேன்க்கா. இது அவனோடது, எறிய மனசு வரல.”

“எங்க போற?”

“திரும்ப சவூதிக்குத்தான். விசா வந்துட்டு. அடுத்த வாரம் கெளம்புதேன்.”

“பட்டறைய ஏன் விடுத?”

“பஞ்சர் ஒட்ட வாரவன்கூட, ‘கொழாய் மெக்கானிக்கு’ன்னு சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போறான்க்கா.” பையைப் படியில் வைத்தான். “ஜெட்ட ஒரு நம்பர் கூட்டி வச்சிட்டேனோன்னு தோணுது. அதான் அடைச்சு நின்னுருக்கும். நெனச்சு நெனச்சுத் தூங்கவே முடியல. மன்னிச்சிருங்கக்கா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா லிங்கம்? “விடு பீர், எல்லாம் தலையெழுத்து” என்றேன். பெரிய மனசுக்காரி மாதிரி சொன்னேன். அவன் கண்கலங்கிக் கும்பிட்டான்.

உள்ளேயிருந்து அம்மா, “யாருட்டி அது?” என்றாள்.

“தபால்காரரும்மா.”

அவன் காதில் விழுந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். அவன் திரும்பிய விதத்தை நீ பார்க்காதது நல்லது.

நாளைக் காலையில் அவனுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். இந்த ஒரு வருஷமாக என்னால் சொல்ல முடியாமல் போனதற்கு அம்மாவைக் காரணமாக வைத்திருந்தேன். ஒரு பிள்ளை போன இடத்தில் இன்னொரு பிள்ளையையும் அவளிடமிருந்து எப்படிப் பறிப்பது என்று. பொய் அது. அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்ற பயம்தான். நீ இருந்திருந்தால் என்ன சொல்வாய்? “எக்கா, போய்ச் சொல்லிட்டு வா, நான் வண்டிய எடுக்கேன்” என்பாய். எவ்வளவு பெரிய காரியத்துக்கும் நீ வண்டியை எடுக்கிறவன்.

யாரிடமும் இன்னும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் கடையநல்லூர் போகிறேன். ஸ்பாஞ்சையும் எண்ணெய்ப் பாட்டிலையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். இதை வேறு யாரும் படிக்குமுன் பீர் என் வாயால் கேட்டிருப்பான். அவன் திட்டினாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், காத்திருந்து, உன் படையல் இலைக்கு முன்னால் உட்கார அவனைக் கூட்டி வருவேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போதே அம்மாவிடம் சொல்வேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்பதை அவள் சொல்லட்டும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா உள்ளேயிருந்து, “யாருட்டி அது?” என்று கேட்பாள். இந்தத் தடவை பெயரைச் சொல்வேன், தம்பி. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் எக்கா,
செண்பகம்