ஒக்டோபர் அறிக்கையின் இரண்டாம் பக்கம்

ஜனவரி 14, 1999. வியாழன்

பனி விடவில்லை. அள்ளுவதற்கு நகரசபை இராணுவத்தைக் கூப்பிட்டிருக்கிறது. ஆமி என்றதும் ஊர் ஞாபகத்தில் அம்மா திரைச்சீலையை இழுத்து மூடினார். வகுப்புக்குப் போகவில்லை.

ரீவியில் அமெரிக்க ஜனாதிபதி மீதான விசாரணை. பொய் சொன்னாரா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. சாட்சிகளைக் கூப்பிடுவதா என்றே சண்டை.

எங்கள் பழைய மாணவர் சங்கத்திலும் அதே கூத்து. ஒக்டோபரில் நிர்வாகக் குழுவின் பதினொரு பேரில் ஏழு பேர் தேர்தலுக்குக் கை தூக்கினார்கள். கூட்ட அறிக்கையில் ‘தேர்தல் ஒத்திவைப்பு’. டிசம்பரில் வாசித்தபோது கூச்சல். தலைவர் (இனி த.) மேசையில் தட்டினார்: “அறிக்கை வாசிச்சு முடியுமட்டும் ஒருத்தரும் குறுக்க கதைக்கப்படாது. யாப்பு.” யாப்பு என்றால் சங்கத்தின் சட்டவிதிகள். பிறகு: “நான் ஒருத்தரையும் மாத்தச் சொல்லேல்லை.”

சொன்னார். என்னிடம், போனில். நான் அறிக்கை எழுதுபவள், வாக்கில்லாதவள். இரண்டாம் பக்கத்தை மாற்றி எழுதினேன். ஏன்? “கெட்டிக்காரப் பிள்ளை” என்றார். அவ்வளவுதான்.

முதலில் எழுதிய பக்கம் என் அகராதிக்குள்.

ஜன. 19, செவ்வாய்

எதிரணி ராஜன் அண்ணை போனில். மாதக் கடைசியில் த.வை விசாரிக்கக் குழு கூடுகிறதாம். “நீர் நேரில சாட்சி சொல்லவேணும். அவர் மாத்தச் சொன்னவர் எண்டு மட்டும் சொன்னால் காணும்.”

“நான் மாத்தினதையும் சொல்லுவன், அண்ணை.”

“உது தேவையில்லாத கதை, பிள்ளை.”

பின்னேரம் த.வின் மனைவி. “குமர்ப்பிள்ளை ஆம்பிளையளுக்கு முன்னால நிண்டு சாட்சி சொல்லுறதோ? ஒரு கடிதமா எழுதித் தாருமன். அங்கிள் திருத்துவார்.”

திருத்துவாராம்.

விவாதத்தில் உள்ளவை: நேரிலா, கடிதமா. கையா, ரகசிய வாக்கா. முதலில் யார் பேசுவது.
என்னிடம் யாரும் கேட்காதது: என்ன நடந்தது.

ஜன. 31, ஞாயிறு

மல்வேர்ன் பகுதியில் த. வசிக்கும் கட்டடத்தின் பார்ட்டி ரூம். யாருடையதோ பிறந்தநாள் பலூன்கள் சுவரில். த.வை விசாரிக்கும் கூட்டம். இரண்டு மணித்தியாலம் நடைமுறை பற்றியே.

“அமெரிக்காவில சாட்சியை வீடியோ எடுக்கப்போகினம்.”
“அப்ப நீர் அங்க போய் ஒரு சங்கத்தில சேருமன்.”

பொறுக்கிகள். ஒவ்வொரு சொல்லையும் எழுதினேன்.

தேநீர் இடைவேளை. ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. பிறகு வாக்கெடுப்பு. சாட்சி வேண்டாம்: 6. வேண்டும்: 5. ஆறாவது கை ராஜன் அண்ணையுடையது. இடைவேளையில் அவருக்கு உபதலைவர் பதவி பேசி முடித்திருக்கிறார்கள். சாட்சி இல்லாதபடியால் குற்றச்சாட்டும் இல்லை.

த. கோட்டை மாட்டிக்கொண்டே, “‘சாட்சி ஒருத்தரும் இல்லை’ எண்டு எழுதும், பிள்ளை. வடிவா எழுதும்.”

பெப். 6, சனி

தலையிடி. ரீவியில், அமெரிக்க விசாரணையில் சாட்சி சொன்ன பெண்ணின் வீடியோத் துண்டுகள். அவளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அணைத்தேன்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தபின் வந்தது:

‘சாட்சி அழைக்கப்படவில்லை. சாட்சி கூட்டத்தில் இருந்தார். அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அழைத்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியது வருமாறு.’

தொடர்ந்து ஒன்றரைப் பக்கம். என் பிழையில் தொடங்கினேன்.

பெப். 14, ஞாயிறு

குளிர். பஸ் பிந்தியது. அதே பார்ட்டி ரூம், அதே பதினொரு பேர். அமெரிக்க ஜனாதிபதி முந்தாநாள் விசாரணையிலிருந்து தப்பிவிட்டார் என்று த.வுக்கு நல்ல சந்தோசம்.

“முதல்ல போன கூட்ட அறிக்கை. வாசியும், பிள்ளை.”

வாசித்தேன். ‘வருமாறு’ என்ற இடத்தில் த. எழுந்தார். “உதென்ன உது? நிப்பாட்டும்.”

“வாசிச்சு முடியுமட்டும் ஒருத்தரும் குறுக்க கதைக்கப்படாது, அங்கிள். யாப்பு.”

சொன்னது நான்தான்.

ராஜன் அண்ணைக்கு இருமல். த. நின்றபடியே. முழுவதையும் வாசித்தேன். அகராதிக்குள் இருந்த பக்கத்தை மேசை நடுவில் வைத்தேன். வழக்கப்படி கேட்டேன்: “அறிக்கையை ஏற்க முன்மொழியிறது ஆர்?”

இருபத்திரண்டு கைகளும் மேசைக்குக் கீழே.

திரும்பக் கேட்டேன்.