அந்தச் சங்கை எடுத்துடு ஏஞ்சலு

கும்மிடிப்பூண்டி
செவ்வாய்க்கிழமை

அன்பு மக ஏஞ்சலினுக்கு அம்மா எழுதிக்கிறது. கர்த்தர் கிருபையால நானும் உங்க நைனாவும் உன் தங்கச்சி மோனிகாவும் உசுரோட சுகமா இருக்கோம். உசுரோடன்னு ஏன் எழுதுறேன்னு போகப் போகத் தெரியும். அந்த நார்வே குளுர்ல நீ சுகமா இருக்கணும்னு தெனம் முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன். இன்னா இது, போன் இருக்கும்போது அம்மா பேப்பர்ல எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறாளேன்னு பார்க்குறியா. போன்ல பேசினா மீட்டிங்ல இருக்கேம்மான்னு வெச்சிடுற. வாய்ஸ் மெசேஜ்ல சொல்லலாம்னா நான் அழுவுறதையும் எடுத்து உன் நிகழ்ச்சியில சேர்த்துடுவியோன்னு பயம். போன தடவ நான் மீன்காரன்கிட்ட சண்ட போட்டதையே அந்த ஊர்க்காரங்களுக்குப் போட்டுக் காட்டினவதானே நீ. பேப்பருக்கு சத்தம் கெடையாது, அதான். பக்கத்து ஊட்டு தமிழ்செல்விதான் இத போட்டோ புடிச்சு அனுப்பப் போறா, மோனிகாவுக்குத் தெரியாது.

உன் நிகழ்ச்சியப் பத்தித்தான் எழுதுறேன். நான் புரிஞ்சிக்கினது சரியான்னு பாரு. நீ வேலை செய்யற எடத்துல இருக்குற நார்வே பிள்ளைங்க, கென்யா பிள்ளைங்க, நம்ம சர்ச்சு வாலிபப் பிள்ளைங்க, மூணு கூட்டமும் அவங்கவங்க ஊரு சத்தத்தையும் வீடியோவையும் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கணும், நீ அத கோத்துக் குடுப்ப, வர்ற சனிக்கிழமை மூணு ஊர்லயும் ஒரே நேரத்துல திரையில போட்டு பிள்ளைங்க முன்னால நின்னு ஆடணும். நல்ல விஷயம்தான், நான் வேணாம்னு சொல்லல. மொதல்ல மோனிகாவும் நல்ல சத்தமாத்தான் அனுப்புனா. பொன்னேரி மார்க்கெட் கூச்சல், லோக்கல் ட்ரெயினு, அவ கூடப் படிக்கிற பார்த்திபன் ஊட்டு நெல்லு அறுக்குற மிஷினு, சர்ச்சு மணி. நீதான் இதெல்லாம் எல்லா ஊர்லயும் கெடைக்கும், நம்ம ஊர்ல மட்டும் இருக்குற சத்தம் வேணும்னு கேட்ட. அவ யோசிச்சு யோசிச்சு, கெமிக்கல் கம்பெனியில மாசா மாசம் முன்னாடியே சொல்லிட்டு டெஸ்ட்டுக்கு ஊதுவாங்களே அந்தச் சங்கைப் புடிச்சு அனுப்பிட்டா. ஷிப்டு சங்கு இல்ல, அது ஒரே நீட்டு. இது ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி ஊதுறது, கேஸு கசிஞ்சிடுச்சு, ஊட்ட உட்டு ஓடுங்கன்னு சொல்றது. நீ அத கேட்டுட்டு குதியா குதிச்ச. இங்க ரெண்டு பிள்ளைங்க அழுதுடுச்சிம்மான்னு பெருமையா வேற சொன்ன. அவங்க ஊரு ஐஸ் ஒடையுற சத்தம், கென்யா மேளம், நடுவுல நம்ம சங்குன்னு வெச்சிட்ட. எனக்கு அப்பவே மனசு சரியில்ல. நீயும் இந்தச் சங்கு கேட்டு வளர்ந்தவதானே, உனக்குத் தெரியாததான்னு வாய மூடிக்கினேன்.

சர்ச்சு மைதானத்துல ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டி மொத ஒத்திகை வெச்ச அன்னிக்கு பார்த்திபன் யார்கிட்டயும் சொல்லாம கொள்ளாம அதப் போட்டுட்டான். உங்க நைனா அந்த கம்பெனியில நைட் ஷிப்டு முடிச்சு தூங்கிக்கினு இருந்தவரு, ஒரு கையில லுங்கிய புடிச்சிக்கினு இன்னொரு கையால ஈரத்துண்ட என் மூக்குல அமுக்கி தரதரன்னு இழுத்துக்கினு ஓடுறாரு. தமிழ்செல்வி அடுப்புல சோத்த அப்படியே உட்டுட்டு அவ பொண்ணு பூமிகாவத் தூக்கிக்கினு ஓடினா. எதிர் ஊட்டு ஜானகியம்மாள் படியில விழுந்து முட்டி பேந்துக்கிச்சு. சர்ச்சு மேல கொடி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பார்த்து, காத்துக்கு குறுக்கால ஓடி ஏரிக்கரையில நின்னு திரும்பிப் பார்த்தா, மைதானத்துல பிள்ளைங்க கைய விரிச்சிக்கினு ஆடுதுங்க. அன்னிக்கு பிள்ளைங்க வாங்கின திட்டு கொஞ்ச நஞ்சமில்ல, ஜானகியம்மாள் நொண்டிக்கினே தொடப்பத்த எடுத்துக்கினு போயிட்டாங்க. பாஸ்டர் ஐயாதான் சமாதானம் பண்ணி, இனிமே சொல்லிட்டுப் போடுங்கன்னாரு. அதுக்கப்புறம் தெனம் சாயங்காலம் மைக்ல சொன்னாங்க, இப்ப ஊதப் போறது நம்ம நிகழ்ச்சி சங்கு, யாரும் பயப்பட வேணாம்னு. தெனமும் அதையே சொன்னா பயம் எங்க இருக்கும், வுட்டுப் போச்சு எல்லாருக்கும். பூமிகா பாப்பா சங்கு ஊதினா இடுப்ப ஆட்டுது. தமிழ்செல்வி புருஷன் அத ரிங்டோனா வெச்சிக்கினான். எனக்கு மட்டும் அது சரியாப் படல, அத சொன்னா மோனிகா சிரிச்சா.

போன வியாழக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதுச்சு. நான் மாடியில துணி எடுத்துக்கினு இருந்தேன். ஆரம்பிச்சிட்டாளுங்க பேஜாருன்னு முணுமுணுத்துக்கினே உங்க நைனா சட்டைய மடிச்சேன். கீழ ஜானகியம்மாள் வேர்க்கடலை உரிச்சிக்கினு, இன்னிக்கு நல்லா கணீர்னு வருது, பாக்ஸ மாத்திட்டாங்க போலன்னு சொல்றாங்க. அப்போ உன் தங்கச்சி மாடிப்படியில ஓடியாந்தா. மூஞ்சில ரத்தமே இல்ல. அம்மா, நாங்க இன்னும் போடவே இல்லம்மா, பாக்ஸுக்கு இன்னும் கரண்டே குடுக்கலன்னா.

கையில இருந்த சட்டைய அப்படியே போட்டுட்டு கீழ ஓடினேன். அதுக்குள்ள கண்ணு எரிய ஆரம்பிச்சிடுச்சு, தொண்ட கமறுது. மைக்ல கத்தலாம்னா அதுக்கும் கரண்டு இல்ல. பிள்ளைங்க ஊடு ஊடா கதவ இடிச்சிக்கினு ஓடுச்சுங்க, இது நெசம் இது நெசம்னு. செலபேரு தெரியும் தெரியும் போங்கன்னு உள்ள இருந்தே சொன்னாங்க. டிவி சத்தத்த ஏத்தி வெச்சவங்களும் இருக்காங்க. காத்து மட்டும் அன்னிக்கு வேற பக்கம் அடிக்காம இருந்திருந்தா இந்த லெட்டர எழுத ஆள் இருந்திருக்காது. பூமிகாவுக்குத்தான் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சாங்க. இப்ப ஊட்டுக்கு வந்துட்டா, ஆனா பேச வாயத் தொறந்தா இருமல்தான் வருது. உங்க நைனாவுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்டு, கம்பெனி உள்ளதான் இருந்தாரு. சங்கு ஊத ஆரம்பிச்ச ஒடனே அவங்க எல்லாரும் கம்பெனி கேட்டுக்கு ஓடி வந்து நின்னு நம்ம தெருவப் பார்த்திருக்காங்க, ஒருத்தரும் வெளிய வரல. சங்கு ஊதுது, தெரு காலியா கெடக்குது. எல்லாரும் உள்ளயே செத்துட்டீங்கன்னு நெனச்சிட்டேன் விக்டோரியான்னு சொன்னாரு. ஊட்டுக்கு வந்ததும் என்னையும் மோனிகாவையும் தோள அழுத்தி அழுத்திப் பார்த்தாரு, கோழிக் கடையில பார்க்குற மாதிரி. சொன்னா சிரிப்ப, அன்னிக்கு சிரிக்க முடியல.

இத உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மோனிகா கெஞ்சுறா. அக்கா எவ்ளோ நாளா கஷ்டப்பட்டு கோத்தது, மூணு ஊர் பிள்ளைங்களும் ஒண்ணா சேருறதே அந்த சங்கு எடத்துலதான், அத எடுத்தா எல்லாம் கொலாப்ஸ்ங்குறா. சொல்லிட்டு அவளே ஒத்திகையில அந்த எடம் வந்தா காதப் பொத்திக்கிறா. ஏண்டி ஏஞ்சலு, ஐஸ் ஒடஞ்சா அது அவங்களுக்கு ஒரு சத்தம், கேக்க நல்லா இருக்கும். இது அப்படியா. இந்த காலனிக்கு அந்த கம்பெனி முகமூடி குடுத்துதா, வண்டி குடுத்துதா, ஒண்ணும் இல்ல, ஊதுற சங்கு ஒண்ணுதான் நமக்கு இருக்கு. அதையும் சனிக்கிழமை பெரிய பாக்ஸுல போட்டு, எல்லாரும் கை தட்டி, ஊரு முழுக்க போன்ல ஏறிடுச்சின்னா அடுத்த தடவ எவன் எழுந்து ஓடுவான்.  சோறு எறங்கல எனக்கு. நிகழ்ச்சிய நிறுத்துன்னு சொல்லல, அந்த ஒண்ண மட்டும் எடுத்துடு. ஏத்தி எறக்கி சத்தம் வேணும்னா உங்க நைனா கொறட்ட இருக்கு, மோனிகாவ புடிச்சு அனுப்பச் சொல்றேன்.

நீ வேளைக்கு சாப்புடு. பிரட்டையே தின்னுக்கினு கெடக்காத, ஒரு ரசமாவது வெச்சிக்க. ஈரத் தலையோட வெளிய போவாத. உங்க நைனாவுக்கு வாரத்துல ஒரு தடவையாவது போன் பண்ணு, அவரா உன்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாரு. ஆண்டவர் உன் கூடவே இருந்து, பனியில நடக்குற உன் காலு வழுக்காம

இந்த எடத்துல பேனா நின்னுடுச்சு ஏஞ்சலு. சங்கு ஊதுச்சு, ஏத்தி எறக்கி. நான் ஓடல. இவ்ளோ நேரம் உனக்கு பக்கம் பக்கமா எழுதினவ, மொதல்ல மோனிகாவத் திரும்பிப் பார்த்து, நீங்க போட்டீங்களாடின்னு கேட்டேன். அவ டீ டம்ளரோட நின்னுக்கினு, பார்த்திபன் போட்டிருப்பானோங்குறா. அது ஊதி முடிக்கற வரைக்கும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்துக்கினு நின்னோம். அப்புறம்தான் உங்க நைனா போன் பண்ணி, கம்பெனியில சொல்லாம டெஸ்ட் பண்ணாங்கன்னு சொன்னாரு. நீங்க எங்க நிக்கிறீங்க, ஏரிக்கரையிலயான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லிட்டேன்.

இத படிச்சதும் எடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதி அனுப்பு. ஆண்டவர் உன்னப் பார்த்துக்குவாரு. எங்கள நீ பார்த்துக்கோ.

இப்படிக்கு
பயந்துக்கினே இருக்குற உன் அம்மா
விக்டோரியா