டிட்டோ

செவ்வாய்க்கிழமை, பெர்மாஸ் ஜெயா

நாங்கள் பார்த்துக்கொள்ளும் தெப்ராவ் தொழிற்சாலை சர்வரில் இரண்டு புராசசர்கள் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்கின்றன. ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் தினமும் திரையைத் திறந்து, இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். கலா அக்காவும் நானும் முறையை எங்களுக்குள்ளேயே பேசிப் பிரித்துக்கொள்வோம்.

போன வாரம் திங்களன்று அக்கா ‘இரண்டும் ஓகே’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு ஒரு வாரம் என் முறை. நான் திரையைத் திறக்கவே இல்லை. அவர் எழுத்தின் கீழே, ‘மேலே உள்ளதே’ என்று டிட்டோ போட்டேன். கையொப்பக் கட்டத்திலும் டிட்டோ.

இன்று அக்கா திறந்தார். ஒரு புராசசர் வியாழக்கிழமையே நின்றுவிட்டிருந்தது. அவரே போய்ச் சொன்னார்.

மேலாளர் செல்வம் புத்தகத்தைப் புரட்டினார். “ஓகேன்னு எழுதினது நீங்கதானே கலா?”

“அது அன்னிக்குப் பார்த்தது அண்ணே. அன்னிக்கு ரெண்டும் ஓடுச்சு.”

“அலமாக்! கீழ எல்லாம் டிட்டோ. டிட்டோன்னா நீங்க சொன்னதுதான் லா. கண்ண மூடிக்கிட்டுப் போட்டீங்களா?”

அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. நீட்டிப்பதா என்று செல்வம் நாளை முடிவு செய்கிறார். நான் பக்கத்து மேசையில் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒருமுறை என் பக்கம் திரும்பியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இந்த நாட்குறிப்பில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

திரும்பினார். இரண்டு முறை.